தனியா ஓடினவர் (வாசகர் கடிதமும் பதிலும்)

அன்புள்ள சார்,

வணக்கம். நான் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில பி.டி. மாஸ்டரா இருக்கேன். கிரவுண்டு பக்கத்து சுவத்துல ஒலிம்பிக் ஓட்டக்காரங்களைப் பத்தி ஒரு போர்டு வைக்கிறோம், அதுல ஒரு மூலை போர்ல செத்தவங்களுக்கு. பிரிட்டிஷ் ஓட்டக்காரர் விண்டம் ஹால்ஸ்வெல் பேரை எழுதலாம்னு பார்த்தா, 1908 லண்டன்ல 400 மீட்டர் தங்கத்தை யாருமே கூட ஓடாம தனியா ஓடி வாங்கினவராம். பசங்க கேட்டா என்ன சொல்றது? போர்ல செத்தாருங்கறதுக்காக மட்டும் ஒருத்தரை சாம்பியன்னு எழுதுறது சரியா?

ஒரு வாசகர்

அன்புள்ள மாஸ்டர்,

நியாயமான கேள்வி. ஆனா பாவம் அந்த மனுஷன், நூறு வருஷத்துக்கு மேல ஆகியும் அந்த ஒரு ஓட்டம் அவரை விடமாட்டேங்குது.

நடந்தது இதுதான். 1908 ஜூலை 23, லண்டன் ஒயிட் சிட்டி மைதானம், ஃபைனல்ல நாலே பேரு, இவரு ஒருத்தர், மிச்ச மூணு பேரும் அமெரிக்கர்கள், கார்ப்பென்டர், ராபின்ஸ், ஜான் டெய்லர். அப்போ 400க்கு லேனே கிடையாது. கடைசி நேர்கோட்டுப் பகுதியில இவரு வெளிப்பக்கமா வந்து முந்தப் பார்த்தாரு, முன்னாடி போன கார்ப்பென்டர் முழங்கையை விரிச்சுக்கிட்டு அப்படியே வெளிய வெளியன்னு ஒதுங்கி இவரை டிராக் ஓரத்துக்கே தள்ளிட்டுப் போயிட்டாரு. நடுவருங்க கத்தி, ஃபினிஷ்ல கட்டியிருந்த நாடாவை அறுத்து, ரேஸே செல்லாதுன்னுட்டாங்க. அமெரிக்காவுல இருந்த ரூல்படி அது தப்பில்ல, பிரிட்டிஷ் ரூல்படி தப்பு, சண்டைக்குக் காரணமே அதுதான். நான் காலேஜ்ல 400 ஓடினவன், கடைசி அம்பது மீட்டர்ல காலு கல்லா கனக்கும்போது பக்கவாட்டுல ரெண்டடி விலகி ஓடுறதுன்னா என்னன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. அதனால என் மனசு நடுவருங்க பக்கம்தான்.

கார்ப்பென்டரை நீக்கிட்டு, ரெண்டு நாள் கழிச்சு கயிறு கட்டி லேன் பிரிச்சு மறுபடி ஓடச் சொன்னாங்க. ராபின்ஸும் டெய்லரும் தன் ஆளுக்காக வரமாட்டோம்னுட்டாங்க. அப்புறம் இவரு மட்டும் காலியான டிராக்ல 50.0 செகண்டுல ஓடி முடிச்சாரு. அது ஒரு ஃபார்மாலிட்டி, அதை வெச்சு அவரை எடை போட்டா எப்படி? அந்த செல்லாத ஃபைனலுக்கு முந்தின நாள் அரையிறுதியில 48.4 செகண்டு ஓடியிருக்காரு, அது ஒலிம்பிக் ரெக்கார்டு. 1906ல ஸ்காட்லாந்து சாம்பியன்ஷிப்ல ஒரே நாள்ல 100, 220, 440, 880 கஜம் நாலையும் ஜெயிச்சாரு. 100லயும் ஜெயிச்சு 880லயும் ஜெயிக்கிற கால் எந்த மாதிரி கால்னு உங்க பசங்களையே கேளுங்க, அவங்களுக்குப் புரியும்.

இந்த லண்டன் கசப்புக்கு அப்புறம் அந்த வருஷமே ஓட்டத்தை விட்டுட்டாரு. (டெய்லர் அதே ஒலிம்பிக்ல ரிலேல தங்கம் வாங்கினாரு, ஒலிம்பிக் தங்கம் வாங்கின முதல் ஆப்பிரிக்க அமெரிக்கர் அவர்தான், டிசம்பர்ல டைஃபாய்டு வந்து போயிட்டாரு. அவருக்கும் உங்க போர்டுல ஒரு இடம் வேணும்.)

ஹால்ஸ்வெல் ஏற்கெனவே ராணுவ அதிகாரி, ஹைலேண்ட் லைட் இன்ஃபன்ட்ரிங்கற ஸ்காட்லாந்து படைப்பிரிவு. அதோட முதல் பட்டாலியன் முதல் உலகப் போருக்காக 1914ல பிரான்சுக்குப் போனது நம்ம இந்திய ராணுவத்தோட லாகூர் டிவிஷன் கூட, கூர்க்கா படைங்க இருந்த அதே சிர்ஹிந்த் பிரிகேட்ல. நேவ் ஷப்பெல்னு அங்க ஒரு ஊர்ல 1915 மார்ச்ல நடந்த சண்டையில இந்திய வீரர்கள் கொத்துக் கொத்தா செத்தாங்க, இன்னிக்கும் அங்க 4,700க்கு மேல இந்தியப் பேருங்க பொறிச்ச நினைவுச் சின்னம் நிக்குது. அந்தச் சண்டையில இவருக்கு அடிபட்டுச்சு, கட்டுப் போட்டுக்கிட்டு திரும்ப முன்வரிசைக்கே வந்தாரு. மார்ச் 31, காயம்பட்டுக் கிடந்த இன்னொரு அதிகாரியைத் தூக்கப் போனப்போ மறைஞ்சிருந்து சுடுறவன் ஒருத்தன் சுட்டுட்டான். வயசு 32.

அதே 1908 400 மீட்டர்ல ஆரம்ப சுத்துலயே வெளியேறின இன்னொருத்தர் நோயல் சவாஸ், டாக்டர். காயம்பட்டவங்களைத் தேடித் தேடி மீட்டதுக்காக முதல் உலகப் போர்ல விக்டோரியா கிராஸ்ங்கற பிரிட்டனோட உச்ச வீர விருதை ரெண்டு தடவை வாங்கினவர் அவர் ஒருத்தர்தான், 1917 ஆகஸ்ட்ல அவரும் போயிட்டாரு. ஒரே ரேஸுக்குப் பேர் கொடுத்த ரெண்டு பேரும் அடுத்தவனைத் தூக்கப் போன இடத்துல அடிபட்டவங்கங்கறதை முதல்ல படிச்சப்போ எனக்கு ராத்திரி தூக்கமே வரல.

உங்க ரெண்டாவது கேள்விக்கு வர்றேன். போர்ல செத்ததால யாரும் சாம்பியன் ஆகுறதில்ல, நீங்க சொல்றது சரி. இவரு செத்ததுக்கு ஒன்பது வருஷம் முன்னாடியே அந்த நாலு ரேஸ்ல சாம்பியன். அதனால தாராளமா எழுதுங்க. 50.0ன்னு மட்டும் எழுதாதீங்க, 48.4ன்னு எழுதுங்க, கீழ 1906ன்னு போட்டு அந்த நாலு தூரத்தையும் வரிசையா போடுங்க. இடம் இருந்தா லவான்டின்னு ஊர் பேரையும் சேருங்க, அவரு கல்லறை அங்கதான் இருக்கு, நேவ் ஷப்பெல்லுக்குப் பக்கம். போர்டு தயாரானதும் ஒரு போட்டோ அனுப்புங்க மாஸ்டர்.