பழைய கோலுக்குப் புதிய ரீல்

கேள்வி: எட்டு ஆண்டுகளாக ஏரியிலும் குளத்திலும் ஒரே ஸ்பின்னிங் ரீலை வைத்துத் தூண்டில் போட்டுவருகிறேன். ஏழு அடி நீளமும் நடுத்தர வலுவும் கொண்ட கோல், 0.25 மில்லிமீட்டர் நைலான் நரம்பு. பெரும்பாலும் இரண்டு கிலோவுக்கு உட்பட்ட மீன்களே அகப்படும். எப்போதாவது பெரியது ஒன்று வந்து நரம்பை அறுத்துக்கொண்டு போய்விடும். சில மாதங்களாகக் கைப்பிடியைச் சுற்றினால் கரகரவென்று ஓசை வருகிறது. மீன் இழுக்கும்போது கைப்பிடி பின்னோக்கியும் சுழன்றுவிடுகிறது. கோலை மாற்ற மனமில்லை. புதிய ரீல் வாங்கலாம் என்று பார்த்தால் 1000, 2500, 4000 என்ற எண்களும், பத்து பேரிங், எட்டு கிலோ டிராக், 6.2:1 என்ற விவரங்களும் தலையைச் சுற்றவைக்கின்றன. எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: வாங்குவதற்கு முன்பு பழைய ரீலை ஒருமுறை திறந்து பாருங்கள். நீங்கள் சொல்லும் இரண்டும் ஒரே நோயின் அறிகுறிகள் அல்ல. கைப்பிடி பின்னோக்கிச் சுழலாமல் தடுப்பது, சின்னஞ்சிறு உருளைகள் அடங்கிய ஒருவழி பேரிங். அதற்குள் கிரீஸ் புகுந்துவிட்டால் உருளைகள் தண்டைப் பற்ற முடியாமல் வழுக்கும். ரீலின் மேலுள்ள அன்பினால் அளவுக்கு மீறிக் கிரீஸ் பூசுகிறவர்களே இந்தக் கோளாற்றுக்குப் பெரும்பாலும் ஆளாகிறார்கள் என்பது என் அனுபவம். அந்தப் பேரிங்கைக் கழுவித் துடைத்து, மெல்லிய எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விட்டாலே பல ரீல்கள் சரியாகிவிடும்.

கரகர ஓசை வேறு விஷயம். நரம்பின் நுனியை ஒரு மரத்தில் கட்டி, கோலைச் சற்று வளைத்துப் பிடித்துக்கொண்டு, அதை நோக்கி நடந்தபடியே சுற்றிப் பாருங்கள். சும்மா சுற்றும்போது மட்டும் ஓசை எழுந்தால் பேரிங் காய்ந்திருக்கிறது அல்லது மணல் புகுந்திருக்கிறது என்று கொள்ளலாம். சுமை ஏறியதும் கைப்பிடியில் பற்கள் அரைபடுவதுபோல் உணர்ந்தால் கியர் தேய்ந்துவிட்டது. தேய்ந்த கியருக்கு எண்ணெய் மருந்தாகாது. உதிரி கிடைக்காவிட்டால் புதிய ரீல்தான் வழி.

இனி எண்களுக்கு வருவோம். 2500 என்பது மில்லிமீட்டரோ கிராமோ அல்ல. ரீலின் பருமனைக் குறிக்க அந்தந்த நிறுவனம் வைத்துக்கொண்ட அடையாளம். ஒரு நிறுவனத்தின் 2500 வேறொன்றின் 3000 அளவுக்கு இருக்கக்கூடும். ஒரே நிறுவனத்துக்குள்ளும் இந்தக் குழப்பம் உண்டு: ஷிமானோவின் சி3000 என்னும் ரீலில், 2500 ரீலின் உடலின் மேல் 3000 அளவு ஸ்பூல் (நரம்பு சுற்றியிருக்கும் பகுதி) பொருத்தப்பட்டிருக்கும். ஆகவே எண்ணைப் பார்த்து முடிவுசெய்யாமல், ரீலின் எடையையும் ஸ்பூல் எவ்வளவு நரம்பு கொள்ளும் என்பதையும் பாருங்கள்.

உங்களுடைய கோலுக்கு 2500 என்னும் வகுப்புதான் பொருத்தம் என்பது என் கருத்து. 1000 வகுப்பு, மெல்லிய கோலில் சிறு மீன் பிடிப்பதற்கானது. 4000 வகுப்பின் அகன்ற ஸ்பூலிலிருந்து நரம்பு பெரிய வளையங்களாகப் புறப்படும். உங்கள் கோலில் நரம்பு நுழைந்து செல்லும் முதல் வளையம் அதற்கு ஏற்ற அகலம் இல்லாவிட்டால் நரம்பு அங்கே மோதித் திணறி, வீச்சின் தூரம் குறையும். அத்துடன் கனமான ரீல் கோலின் அடிப்பகுதியைக் கீழே இழுப்பதால், நாள் முழுவதும் வீசுகிறவருக்கு மணிக்கட்டு வலிக்கும். கூடுமானால் கோலைக் கையோடு கொண்டுபோய், ரீலைப் பொருத்தி, ரீலின் காலுக்குச் சற்று முன்னே ஒரு விரலில் தாங்கிப் பாருங்கள். ஏறத்தாழச் சமநிலையில் நின்றால் போதும். ரீலின் கால் கோலின் இருக்கையில் ஆட்டமின்றி உட்காருகிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

நரம்பின் கொள்ளளவை வீட்டிலேயே கணக்கிடலாம். ஸ்பூலில் அடங்கும் நீளம், நரம்பின் குறுக்களவின் இருபடிக்கு எதிர்விகிதத்தில் மாறும். 0.25 மில்லிமீட்டர் நரம்பு 160 மீட்டர் கொள்ளும் ஸ்பூலில் 0.20 நரம்பு 250 மீட்டரும், 0.30 நரம்பு சுமார் 110 மீட்டரும் கொள்ளும். ஏரிக்கும் குளத்துக்கும் 150 மீட்டர் தாராளம்.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது, பெரிய மீன் நரம்பை அறுத்துக்கொண்டு போகிறது என்ற வரிதான். அது டிராக் சம்பந்தப்பட்டது; புதிய ரீலுக்குக் கொடுக்கும் பணத்தின் பெரும்பகுதி இதற்காகவே இருக்க வேண்டும். மீன் பாயும்போது ஸ்பூல் வழுக்கி நரம்பை விட்டுக்கொடுப்பதற்கான உராய்வுத் தட்டுகளே டிராக். நரம்பின் வலுவில் நான்கில் ஒரு பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடைப்பட்ட இழுப்பில் அது வழுக்குமாறு வைப்பது வழக்கம். 4 கிலோ தாங்கும் நரம்பென்றால் 1 கிலோ முதல் 1.3 கிலோ வரை. அப்படியிருக்க, பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் எட்டு கிலோவால் உங்களுக்கு என்ன பயன்? அந்த அளவுக்கு இறுக்கினால் நரம்பு முதலில் அறும்.

மிஞ்சிய பகுதியைப் பாதுகாப்புக்காக ஏன் விட்டுவைக்கிறோம் என்றால், முடிச்சு நரம்பின் வலுவைக் குறைக்கிறது. வளைந்த கோலின் வளையங்களில் உராய்வதால் இழுப்பு கூடுகிறது. அதற்கும் மேலாக, மீன் நரம்பை இழுத்துக்கொண்டு ஓட ஓட ஸ்பூலில் எஞ்சிய நரம்புச் சுருளின் விட்டம் சுருங்க, அதைச் சுழற்றுவதற்கு வேண்டிய விசை ஏறிக்கொண்டே போகிறது. விட்டம் பாதியானால் இழுப்பு இரட்டிப்பாகும். டிராக்கை நீங்கள் தொடவே இல்லை என்றாலும் மீன் தொலைவுக்குப் போனதும் நரம்பு அறுவதற்கு இது ஒரு காரணம்.

டிராக் எவ்வளவு வலுவானது என்பதைவிட எவ்வளவு இதமாக இளகத் தொடங்குகிறது என்பதே நன்னீரில் பார்க்க வேண்டியது. கடையில் டிராக்கை இலேசாக இறுக்கிவிட்டு நரம்பைக் கையால் மெல்ல இழுங்கள். முதலில் பிடித்துக்கொண்டு பிறகு வெடுக்கென்று விடுகிற ரீலை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அந்த ஒரு வெடுக்கில்தான் மெல்லிய நரம்பு அறும். டிராக் திருகு முன்னால் இருப்பதையே நான் பரிந்துரைப்பேன். பின்புறத் திருகு கைக்கு எட்டுவது எளிது என்றாலும், முன்புற அமைப்பில் ஸ்பூலுக்குள்ளேயே அகன்ற தட்டுகளை அடுக்க இடம் கிடைக்கிறது. அதனால் இழுப்பு சீராக இருக்கும்.

6.2:1 என்றால் கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு நரம்பைச் சுற்றும் பகுதி 6.2 முறை சுழலும் என்று பொருள். இதையும் தனியாகப் பார்த்தால் ஏமாறுவோம். ஸ்பூல் நிறைந்திருக்கும்போது அதன் விட்டம் 45 மில்லிமீட்டர் என்றால் 5.2:1 ரீல் ஒரு சுற்றில் ஏறத்தாழ 73 சென்டிமீட்டர் நரம்பை இழுக்கும், 6.2:1 ரீல் 88 சென்டிமீட்டர் இழுக்கும். வேகம் கூடினால் சுற்றும் கைக்குப் பளுவும் கூடும். நீங்கள் இரை, பொய்யிரை இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுகிறவராக இருந்தால் 5.2 அளவிலேயே நின்றுகொள்ளுங்கள்.

பேரிங் எண்ணிக்கையை மறந்துவிடலாம். தரமான ஐந்து, மட்டமான பத்தைவிட நெடுநாள் உழைக்கும். அவற்றுள் ஒன்று நரம்பு உருளையில் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள்; நரம்பைப் பிடித்து ஸ்பூலில் சுற்றவைக்கும் பெயில் கம்பியின் ஓரத்தில் நரம்பு வளைந்து திரும்பும் அந்தச் சிறு உருளை சுழலாமல் நின்றுவிட்டால், நரம்பு ஒரே இடத்தில் உரசி உரசித் தேயும். உடல் எந்த உலோகம் என்பதிலும் நன்னீர்க்காரருக்கு ஒரு சலுகை உண்டு. உப்புநீரில் அரிக்கப்படும் மக்னீசியமும் ஏரியில் தாக்குப்பிடிக்கும். எனவே கடல் ரீல்களின் நீர்புகாத் தடுப்புகளுக்காகக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை. கைப்பிடி நேராகக் கியருக்குள் திருகப்படும் வகையாக இருந்தால் ஆட்டம் குறைவு. இதைக் கையில் பிடித்தவுடனேயே உணரலாம்.

கேள்வி: புதிய ரீல் வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. நரம்பு முறுக்கேறிச் சிக்கலாகிறது. ரீலில் குறையா?

பதில்: ரீலில் குறை இருக்க வாய்ப்பு குறைவு. அசையாத ஸ்பூலில் நரம்பைச் சுற்றும் இந்த அமைப்புக்கு 1905-இல் காப்புரிமை பெற்றவர், இங்கிலாந்தில் ஜவுளி ஆலைத் தொழிலில் இருந்த ஆல்ஃபிரட் இல்லிங்வொர்த். நூற்கண்டின் முனையிலிருந்து நூல் உருவிக்கொண்டு வருவதைப் போலவே இதில் நரம்பு வெளியேறுகிறது. சுற்றும்போது ஏறும் முறுக்கு வீசும்போது இறங்கிவிடுவதால் கணக்கு நேராகிவிடும். ஆனால் மீன் இழுத்து டிராக் வழுக்கிக்கொண்டிருக்கும்போது நாமும் கைப்பிடியைச் சுற்றினால், நரம்பு உள்ளே வராமல் முறுக்கு மட்டும் ஏறுகிறது, 5.2:1 ரீலில் ஒரு சுற்றுக்கு ஐந்து முறுக்குக்கு மேல். பத்துச் சுற்றுச் சுற்றினால் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பாருங்கள். மீன் ஓடும்போது கையை நிறுத்துங்கள். அது நின்ற பிறகு கோலை உயர்த்தி இழுத்து, தாழ்த்தும்போது மட்டும் சுற்றுங்கள். வீசி முடித்ததும் பெயிலைக் கையால் மூடுங்கள். சுழலும் பொய்யிரைக்கு முன்னால் நரம்பு முறுக்கேறாமல் தானே சுழலும் இணைப்பான சுழலி ஒன்றைக் கட்டிக்கொள்ளுங்கள். நைலான் நரம்பை ஸ்பூலின் விளிம்புக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் கீழேயே நிறுத்துங்கள். அதற்கு மேல் நிரப்பினால் வீசும்போது கொத்துக் கொத்தாகக் கழன்று விழும்.

கேள்வி: பின்னல் நரம்புக்கு மாறினேன். டிராக்கை எவ்வளவு இறுக்கினாலும் மீன் இழுத்துக்கொண்டே போகிறது. புதிய ரீலில் டிராக் பழுதா?

பதில்: ஸ்பூல் சுழல்கிறதா, அல்லது ஸ்பூல் நின்றபடியே நரம்பின் கட்டு முழுவதும் அதன் மேல் வழுக்குகிறதா என்று பாருங்கள். பின்னல் நரம்புக்கு வழவழப்பு அதிகம். வெறும் உலோகத்தின் மேல் பிடிப்பு கிடைக்காது. முழுவதையும் கழற்றிவிட்டு, முதலில் சில மீட்டர் நைலான் நரம்பைச் சுற்றி, அதன் நுனியில் பின்னல் நரம்பைக் கட்டி, ஈரத்துணியால் பிடித்து இறுக்கமாகச் சுற்றிக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகும் ஸ்பூலே சுழன்றுகொண்டிருந்தால் மட்டும் ரீலைக் கடைக்காரரிடம் கொண்டுபோங்கள்.