தோழர் எண்டா ஆர், கூட்டாளி எண்டா ஆர்?

கேள்வி: ஐயா, கம்பஸ்ல படிக்கிற என்ட மகன் லீவுக்கு வந்து நிக்கிறான், போன்ல ஆர் எடுத்தாலும் "சொல்லுங்க தோழர்" தான். கூட்டாளியாடா எண்டு கேட்டா "கூட்டாளி வேற தோழர் வேற அம்மா" எண்டுறான். உண்மையாவே வேறயா? (வாசகி, மூதூர்)

பதில்: வேறதான் தங்கச்சி. கூட்டாளிய நாங்க பிடிச்சுப்போய் சேர்க்கிறம், தோழர் அப்பிடியில்ல, ஒரே வேலைல ஒரே ஆபத்தில பக்கத்தில நிக்கிற ஆள், உங்களுக்கு அவர பிடிச்சாலும் பிடிக்காட்டியும்.

நான் சின்னப் பொடியனா இருக்கேக்க நிலாவெளில கரைவலை இழுக்கிறத பாக்கப் போவன். ரெண்டு பக்கக் கயிறையும் ரெண்டு கூட்டம் பிடிச்சு அம்பா பாடிப்பாடி இழுப்பாங்க, மீன் சேர்ற வலைப்பையான மடி கரைக்கு வர வர ரெண்டு கூட்டமும் ஒண்டுக்கொண்டு கிட்ட வரும். அதில ரெண்டு பேர் வேலிச் சண்டைல கதைபேச்சில்லாம இருந்தவங்க, ஒருநாள் பாத்தா ஒரே கயிறுல முன்னும் பின்னுமா நிக்கிறாங்க. பெரிய அலை ஒண்டு அடிச்சு முன்னுக்கு நிண்டவருக்கு கால் சறுக்கிட்டு, பின்னுக்கு நிண்டவர் கயிற விடாம மற்றக் கையால அவர்ட சாரத்த கொத்தாப் பிடிச்சு இழுத்து நிமித்தி விட்டார். ஒரு சொல் கதைக்கல்ல, அம்பாவும் நிக்கல்ல. மீன் பங்கு பிரிச்சு முடிய ஆளுக்கொரு பக்கமா போயிட்டாங்க. அவங்க கூட்டாளியில்ல, ஆனா அந்த நேரம் தோழர்தான் எண்டுதான் எனக்கு இப்பவும் படுது.

கம்பர்ட குகனும் படகுக்காரன்தானே, ராமனோட அவன் பழகினது ஒரு ராத்திரி. பிறகு பரதன்ட படை வருதெண்டவுடன சண்டைக்குத்தான் வாறாங்க எண்டு நினைச்சு "தோழமை என்றவர் சொல்லிய சொல் ஒரு சொல் அன்றோ" எண்டு சொல்லி கங்கைக் கரைய மறிச்சுக்கொண்டு நிக்கிறான். எத்தினை வருசம் பழகினது எண்ட கணக்கு அங்க இல்ல, அந்த ஒரு சொல்லுக்காக சாக ரெடியா நிக்கிறான், இத வாசிக்கேக்க எனக்கு ஒவ்வொரு முறையும் தொண்டை அடைக்கும்.

உங்கட மகன் சொல்ற தோழர் காம்ரேட் எண்டதுக்கு வச்ச சொல். லத்தீன்ல கமெரா எண்டா அறை, அதில இருந்து ஸ்பானிஷ் கமராடா, ஒரே அறைல படுத்தெழும்பினவங்க. ரஷ்யாக்காரர்ட தவாரிஷ் எண்ட சொல்லுக்கு அடியில கிடக்கிறது சரக்கு, யாவாரம். இங்க லங்கா சமசமாஜக் கட்சி 1935லயும் கம்யூனிஸ்ட் கட்சி 1943லயும் துவங்கினது, அந்த இடதுசாரி மேடைகள்ல தமிழ்ல தோழர், சிங்களத்தில சகோதரயா. ஒராள் அறைய பாத்திருக்கு, ஒராள் சரக்க, ஒராள் கூடப்பிறப்ப.

கேள்வி: இந்தியப் பேப்பர்ல "திருடனும் கூட்டாளியும் கைது" எண்டு போடுறாங்க. நாங்க கூட்டாளி எண்டு சொல்றது பிழையா? (வாசகர், கிண்ணியா)

பதில்: பிழையே இல்ல தம்பி. கூட்டு உள்ளவன் கூட்டாளி, அவ்வளவுதான், அங்க அது யாவாரப் பங்காளிக்கும் களவுக்கு துணை போறவனுக்கும் போயிட்டு, எங்களுக்கு அது பள்ளிக்கூடத்தில ஒரே வாங்கில இருந்த பொடியன். 2009ல உங்கட பாலம் திறக்க முதல் பாதைல, அதான் ஆக்கள ஏத்தி அக்கரைக்கு விடுற மிதவைல ஏறி கூட்டாளியப் பாக்க கிண்ணியாவுக்கு வந்தவன் நான், அந்தச் சொல்ல பேப்பருக்காக விட்டுக்குடுக்க ஏலாது.

கேள்வி: பொம்பிளையளயும் தோழர் எண்டு சொல்லலாமா, தோழி எண்டா சினிமாக் கதை மாதிரி கிடக்கு. (வாசகி, உவர்மலை)

பதில்: தாராளமா சொல்லலாம், தோழர் ரெண்டு பேருக்கும் பொது. ஆனா தோழிய குறைச்சு நினைக்காதீங்க பிள்ள. தொல்காப்பியம் தோழிய செவிலிட, அதான் தலைவிய வளத்த தாய்ட, மகள் எண்டு சொல்லுது, அதாவது தலைவியோட ஒரே வீட்டில வளந்தவள். சங்கப் பாட்டில காவலுக்குள்ளால வழி பாக்கிறது அவள், தலைவன ரோட்டில மறிச்சு எப்ப கலியாணம் எண்டு நேர கேக்கிறது அவள், உண்மைய தாய்க்கு முன்னால போட்டு உடைக்கிறதும் அவள்தான்.