கல்யாணத்தில் ஸ்கை லான்டர்ன் பறக்கவிடலாமா?

கேள்வி: வணக்கம் ஐயா. தை மாதம் என் மகள் கல்யாணம். மண்டபம் தஞ்சாவூரிலிருந்து ஒரத்தநாடு போகிற வழியில், சுற்றிலும் வயலும் தென்னந்தோப்பும். வரவேற்பு முடிந்ததும் ஐம்பது ஸ்கை லான்டர்ன் (கீழே நெருப்பேற்றி வானில் விடும் காகித விளக்கு) பறக்கவிட்டால் படம் பிரமாதமாக வரும் என்கிறார் போட்டோகிராபர். தீப்பிடிக்காத காகிதமாம், மேலே போய்த் தானே அணைந்துவிடுமாம். என் மைத்துனரோ, இதையெல்லாம் நாட்டிலேயே தடை செய்ய வேண்டும் என்று சண்டைக்கு வருகிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: மைத்துனர் சொல்வதைக் கேளுங்கள்.

போட்டோகிராபர் பொய் சொல்லவில்லை, பாதியைத்தான் சொல்கிறார். தீத்தடுப்பு மருந்து பூசிய காகிதம் உண்டு. ஆனால் கீழே மெழுகில் தோய்த்த துண்டு ஒன்று எரிகிறதே, அதற்கு எந்தப் பூச்சும் இல்லை. எரிவதுதான் அதன் வேலை. அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் காற்று லேசாகி விளக்கைத் தூக்குகிறது. மெழுகு தீர்ந்த பிறகு இறங்கினால் வெறும் காகிதமும் கம்பியும்தான் விழும். எல்லாம் அப்படி இறங்குவதில்லை. கல்யாணக் கூட்டத்தில் பொறுமை ஏது? உள்காற்று நன்றாகச் சூடாகும் முன்பே கையை விட்டுவிடுவார்கள். அது தென்னை உயரம் வரை போய், எரிந்துகொண்டே சரியும். பனியில் நனைந்த காகிதமும் அப்படித்தான். மேலே ஒரு காற்று அடித்து விளக்கு சாய்ந்தால் தீ காகிதத்தில் பிடித்து, மொத்தமும் எரிந்தபடி விழும்.

தரையில் இலை அசையாத இரவிலும் உயரே காற்று இருக்கும். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகக் காற்றில் எட்டு நிமிடம் பறந்தால் 2 கிலோமீட்டர் போய்விடும். ஐம்பதையும் கண்ணால் தொடர முடியாது. தை மாதம் உங்கள் பக்கம் சம்பா அறுவடை. களத்தில் வைக்கோல் போர், கூரை வேய்ந்த மாட்டுக் கொட்டகை, தென்னையில் காய்ந்த மட்டையும் பன்னாடையும். பன்னாடையில் நெருப்பு பட்டால் எப்படிப் பிடிக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நடக்காத ஒன்றைச் சொல்லிப் பயமுறுத்தவில்லை. இங்கிலாந்தின் ஸ்மெதிக்கில் 2013-ல் ஒரே ஒரு விளக்கு, மறுசுழற்சிக்காக அடுக்கியிருந்த பிளாஸ்டிக் மேல் வந்து இறங்கியது. கண்காணிப்பு கேமராவில் அது பதிவாகியிருக்கிறது. சுமார் ஒரு லட்சம் டன் சரக்கில் தீ. இருநூறு பேர் அளவுக்குத் தீயணைப்பு வீரர்கள் போராடினார்கள்.

தடை விஷயத்தில் நான் கவனிக்கச் சொல்வது ஜெர்மனியை. ஒரு சிறுவன் இறந்த விபத்துக்குப் பின், 2009-ல் அங்கே ஒரு மாநிலம் இவ்விளக்குகளைப் பறக்கவிடத் தடை போட்டது. விற்கத் தடை இல்லை. அதே மாநிலத்தின் கிரேஃபெல்ட் உயிரியல் பூங்காவில் 2020 புத்தாண்டு இரவில் குரங்கு இல்லம் எரிந்து, ஒராங்குட்டான், சிம்பன்சி உட்பட முப்பதுக்கும் மேற்பட்ட விலங்குகள் மாண்டன. விளக்கு விட்ட குடும்பம் இணையத்தில் வாங்கியிருந்தது. தடை இருப்பதே அவர்களுக்குத் தெரியாதாம். கடையில் தாராளமாகக் கிடைப்பதை யார்தான் குற்றம் என்று நினைப்பார்கள்? அதனால் விற்பனையையே நிறுத்த வேண்டும் என்பது என் கட்சி. ஆஸ்திரேலியா 2011-ல் அதைத்தான் செய்தது.

தாய்லாந்தில் திருவிழாவாகவே விடுகிறார்களே என்று யாராவது கேட்பார்கள். சியாங் மாயில் அந்த நாட்களில் நேரமும் இடமும் குறித்துக் கொடுத்து, விமானங்களையே ரத்து செய்கிறார்கள், நேரம் மாற்றுகிறார்கள். நமக்காக யார் செய்வார்கள்? உங்கள் பக்கம் தஞ்சை விமானப்படைத் தளம் வேறு இருக்கிறது.

தனிச் சட்டம் இல்லாவிட்டாலும் தப்பிக்க முடியாது. நெருப்பை அலட்சியமாகக் கையாண்டு பிறர் உயிருக்கு ஆபத்து விளைவித்தால் நாட்டின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 287-வது பிரிவு இருக்கிறது. ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். கொட்டகை எரிந்தால் ஊர்க்காரர் போட்டோகிராபரைத் தேடமாட்டார், பத்திரிகையில் பெயர் போட்டவரைத்தான் தேடுவார்.

கயிறு கட்டிப் பறக்கவிடலாமே என்று போட்டோகிராபர் அடுத்து சொல்வார். கயிறு இழுத்தால் விளக்கு சாயும். சாய்ந்தால் என்ன ஆகும் என்று மேலே சொல்லிவிட்டேன்.

முன்பணம் கொடுத்து வாங்கிவிட்டீர்கள் என்றால் மெழுகுத் துண்டுகளைக் கழற்றிவிடுங்கள். கூடுகளுக்குள் பேட்டரியில் எரியும் குட்டி எல்.இ.டி. விளக்கைப் போட்டு, மண்டப முற்றத்தில் வெவ்வேறு உயரத்தில் கம்பியில் தொங்கவிடச் சொல்லுங்கள். படத்துக்கு அது போதும், அதோடு மழைத் தூறல் வந்தாலும் நிற்கும். அன்று இரவு வேறு எவரோ விட்ட விளக்கு வைக்கோல் மேல் விழுந்தால் ஈரச் சாக்கால் மூடி அமுக்குங்கள். பரவியிருந்தால் நீங்களே போராடாமல் 101-க்கு அழையுங்கள்.