தவறை மன்னித்தவருக்கு ‘ஈகை’ பொருந்துமா?

பொருந்தாது. ‘என் தவறை மன்னித்த உங்கள் ஈகைக் குணத்தை மறக்க மாட்டேன்’ என்று மேலாளருக்கான பிரிவு மடலில் எழுதியிருக்கிறீர்கள். ‘ஈகைக் குணத்தை’ எடுத்துவிட்டு ‘பெருந்தன்மையை’ என்று போடுங்கள். மடல் சரியாகிவிடும்.

அகராதியைப் பார்த்து எடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அங்கே ஈகை, கொடை, வண்மை எல்லாம் ஒரே வரியில் கிடக்கும். ஆனால் ஈகை என்றால் ஒரு பொருள் கைமாற வேண்டும், அதுவும் இல்லாதவருக்கு. திருக்குறள் (221) இதில் ரொம்பக் கறார்: வறியவருக்குக் கொடுப்பதுதான் ஈகை, மற்றதெல்லாம் திரும்ப வரும் என்று கொடுப்பது. தொல்காப்பியம் கேட்பவரையே தரம் பிரிக்கிறது: ‘ஈ’ என்பவன் தாழ்ந்தவன், ‘தா’ என்பவன் சமமானவன், ‘கொடு’ என்பவன் உயர்ந்தவன். அந்த ‘ஈ’யின் வாசனை ஈகையிலிருந்து இன்னும் முழுசாகப் போகவில்லை. உங்கள் வாக்கியத்தைப் படித்தால் நீங்கள் அவரிடம் கையேந்தி நின்றதுபோல் இருக்கிறது!

அடுத்த முறை சந்தேகம் வந்தால், கொடுத்ததைக் கையால் வாங்கவோ அளக்கவோ முடியுமா என்று பாருங்கள். நிலம், பணம், ரத்தம் என்றால் கொடை, தானம். மன்னிப்பு, விட்டுக்கொடுப்பு என்றால் பெருந்தன்மை.

அப்புறம், ‘வள்ளல்’ பக்கம் போகாதீர்கள். மேடையில் புகழ்ச்சி, அலுவலகத்தில் பெரும்பாலும் கிண்டல். ‘தாராளமும்’ அப்படித்தான், ‘தாராள மனசு’ பாராட்டு, ‘தாராளமாகச் செலவழிப்பார்’ பாதி புகார்.