செல்லோ வாசித்தால் கட்டைவிரல் வலிக்கிறது, என்ன செய்வது?

கேள்வி: எனக்கு வயது 38. கோவையில் ஐடி வேலை. ஒன்றரை வருடமாக ஆன்லைனில் செல்லோ (வயலினைவிடப் பெரிய, வில்லால் வாசிக்கும் தந்திக் கருவி) கற்றுக்கொள்கிறேன். தினமும் அரை மணி நேரம் வாசித்துக்கொண்டிருந்தேன். கிரேடு தேர்வுக்குப் பணம் கட்டிய பிறகு, கடந்த ஒரு மாதமாகத் தினமும் இரண்டு மணி நேரம் வாசிக்கிறேன். இப்போது வலது கட்டைவிரலின் அடிப்பகுதி வலிக்கிறது. இருபது நிமிடத்தில் கை முழுவதும் இறுகிவிடுகிறது. ‘கையைத் தளர்த்துங்கள்’ என்கிறார் ஆசிரியர். தளர்த்தினால் வில் நழுவிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. கைக்குப் பலம் வர ஸ்பாஞ்ச் பந்தை அழுத்திப் பழகலாமா? வாசிப்பதையே நிறுத்திவிட வேண்டுமா?

பதில்: நிறுத்த வேண்டாம். பந்தும் வேண்டாம்.

கையில் பலம் இல்லாததால் வந்த வலி அல்ல இது. செல்லோ வில்லின் எடை சுமார் 80 கிராம்தான். உங்கள் செல்போன் அதைவிட இரு மடங்குக்கு மேல் கனக்கும். வில்லைக் கிள்ளிப் பிடிக்கும் சிறு தசைகள் ஏற்கெனவே தேவைக்கு மேல் உழைக்கின்றன. பந்தை அழுத்தினால் அதே தசைகளுக்கு இன்னும் கொஞ்சம் வேலை கொடுத்தது போலாகும்.

வில்லை இறுக்கிப் பிடிக்கும்போது நடப்பது இதுதான்: கட்டைவிரல் கீழிருந்து மேலே தள்ளுகிறது. எதிரே இருக்கும் நடுவிரல் மேலிருந்து கீழே அழுத்துகிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று சரியாகிப்போகின்றன, தந்திக்கு எதுவும் போய்ச் சேர்வதில்லை. நாதம் கூடாது, வலிதான் கூடும். கட்டைவிரலின் நுனியில் ஒரு கிலோ அளவுக்குக் கிள்ளினால், மணிக்கட்டை ஒட்டியிருக்கும் அதன் அடிமூட்டில் பத்து கிலோவுக்கும் மேல் சுமை ஏறும். உங்களுக்கு வலிப்பது அங்கேதான். அரை மணியை ஒரேயடியாக இரண்டு மணியாக்கியதும் அந்தச் சுமை நான்கு மடங்காகிவிட்டது. பகலெல்லாம் மவுஸ், ராத்திரி செல்போன் என்று அதே விரலுக்கு ஓய்வே இல்லாத வாழ்க்கை வேறு.

நீங்கள் இறுக்குகிறீர்களா என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். வாசித்துக்கொண்டிருக்கும்போது சட்டென நிறுத்துங்கள், பிடியை மாற்றாதீர்கள். மெல்ல எட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். நகத்தின் இளஞ்சிவப்பு மறைந்து வெளுத்திருந்தால் அழுத்தம் அதிகம். அடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே உள்ள சதையை இடதுகையால் தொட்டுப் பாருங்கள். மெத்தென்று இருக்க வேண்டிய இடம் கெட்டியாகத் திரண்டிருக்கும். கட்டைவிரலின் கணுவையும் கவனியுங்கள். அது சற்றே வெளிப்பக்கம் வளைந்திருக்க வேண்டும். உள்பக்கம் குழிந்து விறைத்து நின்றால், விரல் அசைய வழியில்லாமல் பூட்டிக்கொண்டுவிட்டது என்று பொருள். விரல்களைப் பின்னுக்கு நன்றாக மடக்க முடிகிறவர்களுக்கு, அதாவது மூட்டுகள் இயல்பிலேயே நெகிழ்வாக இருப்பவர்களுக்கு, இப்படிப் பூட்டிக்கொள்வது மிகச் சாதாரணம்.

‘தளர்த்துங்கள்’ என்று சொன்னால் கை தளர்ந்துவிடாது. உங்கள் ஆசிரியர் சொல்வது சரிதான், ஆனால் விழுந்துவிடும் என்று நினைக்கும் பொருளை எந்தக் கையும் விடாது. அதனால் முதலில் அந்தப் பயத்தைப் போக்க வேண்டும். வில்லைத் தந்தியின் மேல், அடிப்பகுதிக்குச் சற்று மேலே, வாசிப்பது போலவே வையுங்கள். நுனியை வீட்டில் யாரையாவது லேசாகத் தாங்கச் சொல்லுங்கள். இப்போது கட்டைவிரலை முழுவதுமாக எடுத்துவிடுங்கள். வில் விழாது. அதைத் தாங்குவது தந்தி, உங்கள் விரல் அல்ல. மற்ற நான்கு விரல்களும் கொடியில் போட்ட துணி போலக் குச்சியின் மேல் தொங்கட்டும். இது பழகியதும், கட்டைவிரல் இல்லாமலே வில்லின் கீழ்ப்பாதியில் வெறும் தந்தியை நீளமாக இழுத்துப் பாருங்கள். நாதம் கரகரவென்றுதான் வரும், வரட்டும். நான்கைந்து இழுப்புக்குப் பிறகு கட்டைவிரலை அதன் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். வில்லின் அடியில் ஃபிராக் என்கிற கருங்கட்டை குச்சியோடு சேரும் மூலை இருக்கிறதல்லவா, அங்கே விரல் நுனியின் ஓரம் தொட்டுக்கொண்டிருந்தால் போதும். மற்ற விரல்கள் கீழே அழுத்தும் அளவுக்கு மட்டும் எதிர்ப்புக் கொடுப்பதுதான் கட்டைவிரலின் வேலை. வில்லின் நுனிப் பகுதியில் வாசிக்கும்போது அந்த எதிர்ப்புக் கொஞ்சம் கூடும், அடிப்பகுதிக்கு வரும்போது குறையும். எப்போதும் ஒரே இறுக்கத்தில் பிடிப்பதுதான் தப்பு.

முதல் இரண்டு வாரத்துக்கு இன்னொரு வழியும் உண்டு. கட்டைவிரலை உள்ளே வைக்காமல் ஃபிராக்கின் அடியில், வெளியே வைத்து வாசியுங்கள். சிறு குழந்தைகளுக்கு இப்படித்தான் ஆரம்பித்து வைப்பார்கள். பெரியவர்கள் செய்வதில் வெட்கம் ஒன்றுமில்லை. விரல் படும் இடத்தில் ஒரு சிறு ரப்பர் குழாயைச் செருகிக் குச்சியைத் தடிமனாக்கினாலும் நல்லது. மெல்லிய பொருளைவிடத் தடித்த பொருளைப் பிடிக்கக் கைக்குக் குறைந்த பலம் போதும். வீட்டிலிருக்கும் பேனாக்களிலும் இதையே பின்பற்றலாம்.

அப்படியானால் நாதத்துக்குத் தேவையான கனம் எங்கிருந்து வரும்? தோளிலிருந்து. முழுக் கையின் எடையும் முழங்கை வழியாக இறங்கி, முன்கை லேசாக உள்பக்கம் சுழலும்போது ஆள்காட்டி விரல் வழியே குச்சிக்குப் போகிறது. புகழ்பெற்ற செல்லோ கலைஞர் பாப்லோ காசல்ஸ் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பார்சிலோனாவில் மாணவராக இருந்தபோது, வலது அக்குளில் ஒரு புத்தகத்தை இடுக்கிக்கொண்டு பழகச் சொல்வார்களாம், முழங்கை உடம்பைவிட்டு விலகக் கூடாது என்பதற்காக. அந்தக் கட்டை அவிழ்த்துவிட்டுக் கையை வீசி வாசித்தவர் அவர். புத்தகம் இல்லாமலே உங்கள் முழங்கை விலாவோடு ஒட்டிக்கொண்டிருந்தால், மணிக்கட்டும் விரல்களும்தான் முழு வேலையையும் செய்ய வேண்டியிருக்கும். வாசிக்கும் முன் இரண்டு தோள்களையும் காது வரை தூக்கி, மூச்சை விட்டபடி விட்டுவிடுங்கள். தோள் இறங்காமல் கட்டைவிரல் இறங்காது. ஸ்டூல் தாழ்வாக இருந்தாலும் தோள் ஏறும். இடுப்பு முழங்காலைவிடச் சற்று உயரமாக இருக்கும்படி உட்காருங்கள்.

மருத்துவம் இல்லைதான், ஆனாலும் கேட்டுவிடுகிறேன்: வில்லின் மயிரில் ரோசின் என்கிற பிசினைக் கடைசியாக எப்போது பூசினீர்கள்? மயிரில் பிடிப்பு இல்லாவிட்டால் வில் வழுக்கும், வழுக்கினால் கை தானாக அழுத்தும். மயிரை அளவுக்கு மீறி முறுக்கியிருந்தாலும் வில் துள்ளும், துள்ளுவதை அடக்கவும் கை இறுகும். ஆன்லைன் வகுப்பில் கேமரா உங்களுக்கு நேர் எதிரே இருந்தால், ஆசிரியருக்கு உங்கள் கட்டைவிரல் தெரியவே தெரியாது. அது குச்சிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். ஒரு வகுப்பாவது கேமராவை வலப்பக்கம், வில் பிடித்த கையின் உயரத்துக்கு, அருகில் வையுங்கள். அதுவரை அவர் பார்க்காத ஒன்றை அவருக்குக் காட்டுவீர்கள்.

இப்போதைக்கு நேரத்தைக் குறையுங்கள். மூன்று நாள் வில்லைத் தொடாமல் இருங்கள். அதன்பின் ஒரு தடவைக்கு பத்து நிமிடம், நாளைக்கு மூன்று தடவை, இடையில் ஒரு மணி நேரமாவது இடைவெளி. வலி ஏறாமல் இருந்தால் வாரத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு தடவையோடும் ஐந்து நிமிடம் கூட்டலாம். ஆரம்பிக்கும் முன் ஐந்து நிமிடம் வெந்நீரில் கையை வைத்திருங்கள். மாத்திரை போட்டு வலியை அமுக்கிவிட்டு வாசிக்க உட்காராதீர்கள், அந்த வலிதான் எப்போது நிறுத்த வேண்டும் என்று உங்களுக்குச் சொல்கிறது. செல்போனில் கட்டைவிரலால் தட்டச்சு செய்வதையும் அடுத்த மூன்று வாரத்துக்கு விடுங்கள், குரல் பதிவு அனுப்பலாம்.

மருத்துவரிடம் நேரில் காட்ட வேண்டிய அறிகுறிகள் சில உண்டு. கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மற்ற விரல்களால் மூடி, மணிக்கட்டைச் சுண்டு விரல் பக்கம் மெல்லச் சாய்த்துப் பாருங்கள். மணிக்கட்டின் கட்டைவிரல் பக்கம் சுளீரென்று வலித்தால் தசைநாண் உறையில் வீக்கம் இருக்கலாம். 1895-இல் சுவிஸ் அறுவை மருத்துவர் டி கெர்வைன் விவரித்த, அவர் பெயராலேயே அழைக்கப்படும் நோய் இது. கட்டைவிரலை அசையவிடாத ஸ்பிளின்ட்டைச் சில வாரம் போட்டாலே பலருக்கு அடங்கிவிடும், சிலருக்கு ஊசி தேவைப்படும். கட்டைவிரல் மடங்கும்போது டக்கென்று மாட்டி விடுபட்டால் அது வேறு பிரச்சினை. ராத்திரியில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போய்த் தூக்கம் கலைந்தால் மணிக்கட்டில் நரம்பு நசுங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இவை எதற்குப் போனாலும் சர்க்கரையும் தைராய்டும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். இரண்டும் இந்தக் கோளாறுகளுக்கு வழி வைப்பவை.

வலியே இல்லாமல், வாசிக்கும்போது மட்டும் ஏதோ ஒரு விரல் தானாகச் சுருண்டுகொண்டால், அல்லது சொன்ன பேச்சைக் கேட்காமல் விலகிக்கொண்டால், அதைப் பிடிக் கோளாறு என்று நினைத்து இன்னும் அதிகமாகச் சாதகம் செய்யாதீர்கள். இசைக்கலைஞர்களுக்கு வரும் டிஸ்டோனியாவாக, அதாவது தசைகள் நம் கட்டுப்பாடு இல்லாமல் இறுகும் நரம்புக் கோளாறாக, இருக்கலாம், உடனே நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். நீங்கள் எழுதியதில் அதற்கான அறிகுறி எதுவும் இல்லை.

தேர்வு பற்றி: மூன்று வாரத்தில் வலி பாதியாகக்கூடக் குறையவில்லை என்றால், கை மருத்துவம் தெரிந்த எலும்பு மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்ட்டிடமோ வில்லையும் எடுத்துக்கொண்டு போங்கள், தேர்வை அடுத்த முறைக்குத் தள்ளிவையுங்கள். குறைந்துவிட்டால் தேர்வுக்குப் போகலாம். அதுவரை இரண்டு மணி நேரத்தில் மிச்சமாகும் நேரத்தை இடதுகைக்குக் கொடுங்கள். பாடத்தைப் பார்த்துக்கொண்டே, வில் இல்லாமல், விரல்களை மட்டும் தந்தியில் வைத்துப் போனாலே தேர்வுப் பாடங்களில் பெரும்பகுதி மனதில் ஏறிவிடும்.