உந்தம் தெரிந்தவளுக்கு மொமென்டம் தெரியாதா?

கேள்வி: என் மகள் பிளஸ் டூ வரை ஊரிலுள்ள அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தாள். 600க்கு 521 மார்க். இந்த வருடம் நாகர்கோவிலில் பி.எஸ்சி. இயற்பியல் சேர்த்தோம். தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள். ஒன்றரை மாதமாக ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் அழுகை. “ஒண்ணும் பிடிகிட்டலம்மா, நிறுத்திடுறேன்” என்கிறாள். அவள் அப்பாவுக்கு ரப்பர் பால் வெட்டும் வேலை. நாங்கள் இருவரும் பத்தாம் வகுப்பு தாண்டவில்லை. எப்படி உதவுவது?
– ஒரு தாய், குலசேகரம்

பதில்: அன்புச் சகோதரி, நிறுத்த வேண்டாம். இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நானும் திருவட்டாறு பக்கம் தமிழ் வழியில் படித்து, 1984இல் நாகர்கோவிலில் பி.எஸ்சி. கணிதம் சேர்ந்தவள். முதல் வாரமே ஆசிரியர் ‘டிரைவேட்டிவ்’ என்று தொடங்கினார். வகைக்கெழு கணக்கெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் இந்தப் பெயரில் அதை நான் கேட்டதே இல்லை. இரண்டு வாரம் வாய் திறக்கவில்லை. பக்கத்தில் இருந்த குளச்சல் பெண்தான் என் நோட்டை இழுத்து, “இது நம்ம வகைக்கெழுதான் பிள்ளே” என்று எழுதிக் காட்டினாள். அன்றைக்கு வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டேன்.

உங்கள் மகளுக்கும் இதுதான் நடக்கிறது என்று நினைக்கிறேன். உந்தம், முடுக்கம், நிலைமம் எல்லாம் அவளுக்குத் தெரியும். மொமென்டம், ஆக்சிலரேஷன், இனர்ஷியா என்று வரும்போது புதுப்பாடம் போல மிரட்டுகிறது. அவளுடைய பிளஸ் ஒன், பிளஸ் டூ இயற்பியல் புத்தகங்களைப் பரணிலிருந்து எடுங்கள். அதே புத்தகங்களின் ஆங்கில வழிப் பதிப்பு அரசின் பாடநூல் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. போனில் இறக்கிக்கொள்ளலாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே பாடத்தைப் படிக்கட்டும். ஒரு நோட்டில் இடப்பக்கம் தமிழ்ச் சொல், வலப்பக்கம் ஆங்கிலச் சொல். நாளைக்குப் பத்து போதும். ராத்திரி அந்த நோட்டை நீங்கள் கையில் வைத்துக்கொண்டு தமிழ்ச் சொல்லை வாசியுங்கள், அவள் ஆங்கிலத்தில் சொல்லட்டும். இதற்குப் பத்தாம் வகுப்பு தாராளம்.

நான் பாடம் நடத்திய 30 வருடத்தில், நடுவில் நின்றுபோன பிள்ளைகளில் பலர் படிப்பு வராதவர்கள் இல்லை. ‘எனக்கு மட்டும்தான் புரியவில்லை’ என்று நினைத்து, யாரிடமும் சொல்லாமல் போனவர்கள். அதில் இரண்டு பேரின் முகம் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. கேட்டிருக்கலாமே என்று இப்போதும் மனம் வலிக்கிறது. அதனால் சாயங்காலம் வந்ததும் “இன்னைக்கு என்ன மார்க்கு?” என்று கேட்காதீர்கள். “மத்தியானம் யாரோட சாப்பிட்ட?” என்று கேளுங்கள். தினமும் தனியாகத்தான் சாப்பிடுகிறாள் என்றால் அதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். அதே பஸ்ஸில் வரும் சீனியர் பெண் யாராவது கட்டாயம் இருப்பாள், அறிமுகம் செய்துகொள்ளச் சொல்லுங்கள்.

பணத்தைப் பற்றி அவள் வாய் திறக்க மாட்டாள். மழைக்காலத்தில் பால்வெட்டு நிற்கும் என்பது அவளுக்கும் தெரியும். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்காக 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் மாணவியின் கணக்குக்கே வரும். விண்ணப்பித்துவிட்டாளா என்று கல்லூரியில் விசாரியுங்கள்.

முதல் இன்டர்னலில் மார்க் குறைந்தாலும் பயப்படாதீர்கள். அரியர் விழுந்தாலும் திரும்ப எழுதலாம். ஆனால் தூக்கமும் சாப்பாடும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருந்தால் காத்திருக்கக் கூடாது. 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

அப்புறம், கல்லூரிக்கு வரத் தயங்காதீர்கள். வேலை இல்லாத ஒரு மழை நாளில் அவள் அப்பாவையும் கூட்டிக்கொண்டு, அவள் போகும் பஸ்ஸிலேயே ஏறுங்கள். வகுப்பு டியூட்டரைப் பார்த்து, எனக்கு எழுதியதை அப்படியே சொல்லுங்கள்.