ஐந்து வருடம் முடிய இரண்டு மாதம் இருக்கையில் வேலையை விடலாமா?

கேள்வி: புறக்கோட்டையில் ஓர் இறக்குமதிக் கம்பனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். சேர்ந்து 4 வருடமும் 10 மாதமும் ஆகிறது. மொத்தம் 22 பேர். அடிப்படைச் சம்பளம் 80,000 ரூபா, போக்குவரத்து அலவன்ஸ் 15,000. ஆறு மாதமாகச் சம்பளம் 20ஆம் திகதிக்குப் பிறகுதான் வருகிறது. “பிடிக்காவிட்டால் கடிதத்தைத் தந்துவிட்டுப் போங்கோ” என்று மனேஜர் இரண்டு தடவை சொல்லிவிட்டார். வெள்ளவத்தையில் 25,000 ரூபா கூடுதலாக வேறு வேலை கிடைத்திருக்கிறது. நியமனக் கடிதத்தின்படி நான் ஒரு மாத அறிவித்தல் கொடுக்க வேண்டும். இப்போதே விலகலாமா? – வாசகி, கொட்டாஞ்சேனை.

பதில்: விலகலாம், ஆனால் இந்த மாதம் வேண்டாம்.

1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டம் 5 வருடச் சேவையை முடித்தவருக்குத்தான் பணிக்கொடை (வேலையை விடும்போது முதலாளி தர வேண்டிய மொத்தத் தொகை) தருகிறது. நீங்களாக விலகினாலும் அந்த உரிமை உண்டு. 4 வருடமும் 11 மாதமும் என்றால் சட்டப்படி ஒன்றுமில்லை. மாதச் சம்பளக்காரருக்கு, கடைசியாக வாங்கிய சம்பளத்தில் பாதி, முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும். போக்குவரத்து அலவன்ஸைச் சேர்க்காமலே கணக்குப் பார்த்தால் 40,000 வீதம் 5 வருடத்துக்கு 200,000 ரூபா. இப்போதே கடிதம் கொடுத்தால் அடுத்த மாதம் புதிய இடத்தில் இருப்பீர்கள். ஐந்து வருடம் முடித்துக் கொடுத்தால் மூன்று மாதமாகும். அந்த இரண்டு மாதத்தில் இழப்பது கூடுதல் சம்பளமான 50,000 ரூபாதான். புதிய இடத்தில் திகதியைத் தள்ளிக் கேளுங்கள். கணக்கு வேலைக்கு நல்ல ஆள் வேண்டுபவர்கள் பெரும்பாலும் காத்திருப்பார்கள். அறவே மறுத்தால்தான் யோசிக்க வேண்டும்.

பலர் சறுக்குவது கடிதம் கொடுக்கும் நாளில்தான். “அறிவித்தல் மாதம் முடியும்போது ஐந்து வருடமாகிவிடும்தானே” என்று இரண்டொரு வாரம் முந்திக் கொடுத்துவிடுகிறார்கள். முதலாளி ஒரு மாதச் சம்பளத்தைக் கையில் தந்து “இன்றோடு போகலாம்” என்றால், சேவை அன்றே முடிந்தது என்று வாதிட அவருக்கு இடம் கிடைக்கிறது. ஐந்து வருடம் முழுதாக முடிந்து சில நாட்கள் கழித்துக் கொடுங்கள். நியமனக் கடிதத்தில் உள்ள திகதியையும் உங்கள் ஈ.பி.எஃப் (ஊழியர் சேமலாப நிதி) பதிவு தொடங்கும் மாதத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். தகுதிகாண் காலத்தை விட்டுவிட்டு ஈ.பி.எஃப் கட்டத் தொடங்கும் கம்பனிகள் உண்டு, அது தவறு. சேவை முதல் நாளிலிருந்தே கணக்கு.

அதுவரை எந்தக் காரணத்துக்காகவும் விலகல் கடிதத்தில் கையெழுத்திடாதீர்கள். 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், 12 மாதத்தில் 180 நாளாவது வேலை செய்த ஒருவரை, ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் நீக்க முதலாளிக்கு இரண்டு வழிதான்: உங்கள் எழுத்துமூலச் சம்மதம் அல்லது தொழில் ஆணையாளரின் அனுமதி. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் அப்படிச் சொல்கிறது. மனேஜர் கேட்கும் கடிதத்தின் பெறுமதி அங்கேதான். ‘என் சுயவிருப்பில் விலகுகிறேன்’ என்று எழுதிக் கொடுத்தபின் ‘வற்புறுத்தினார்கள்’ என்று நிரூபிக்கும் சுமை முழுக்க உங்கள் தோளில் விழும். மறுபடி கேட்டால், அன்று மாலையே “இன்று என்னை விலகச் சொன்னீர்கள், எனக்கு அந்த எண்ணம் இல்லை” என்று அமைதியாக ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிட்டு, மறுநாள் வழமைபோல் வேலைக்குப் போங்கள். வாசலில் தடுத்தால் அன்றே பதிவுத் தபாலில் கடிதம் போடுங்கள். பொலிஸில் ஒரு முறைப்பாட்டுப் பதிவும் இருக்கட்டும். தொழில் நியாய சபைக்கோ ஆணையாளரிடமோ போக 6 மாதம்தான் அவகாசம்.

சம்பளம் பிந்துவது தனிப் பிரச்சினை. கடை, காரியாலய ஊழியர் சட்டப்படி மாதச் சம்பளம் மாதம் முடிந்து 10 நாளுக்குள் வர வேண்டும். இப்படி இழுக்கும் கம்பனி பெரும்பாலும் ஈ.பி.எஃப் கட்டுவதிலும் இழுக்கும்: உங்கள் சம்பளத்தில் 8% பிடித்திருப்பார்கள், அவர்களுடைய 12%உம் ஈ.டி.எஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3%உம் போயிருக்காது. இரண்டு நிதிகளிலும் உங்கள் கணக்கில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று இப்போதே பாருங்கள். குறைந்திருந்தால் சம்பளச் சீட்டுகளோடு நாரஹேன்பிட்டித் தொழில் திணைக்களத்தில் தமிழிலேயே முறைப்பாடு எழுதிக் கொடுக்கலாம். வேலையில் இருந்துகொண்டே கொடுக்க முடியும். நீங்கள் கணக்குப் பிரிவில் இருப்பதால் ஒன்று: உங்கள் சொந்தச் சீட்டுகளையும் கடிதங்களையும் மட்டும் பிரதி எடுங்கள். கம்பனியின் கணக்குக் கோப்புகளைத் தொட்டால் உங்கள் மீதே விசாரணை திரும்பும்.

கடிதம் கொடுக்கும் நாளில் மூன்று வரி போதும்: விலகுகிறேன், கடைசி வேலை நாள் இது, பணிக்கொடையைத் தாருங்கள். குறைகளை அதில் கொட்டத் தேவையில்லை. பிரதியில் திகதியோடு கையெழுத்து வாங்குங்கள், மறுத்தால் பதிவுத் தபால். கடைசி நாளிலிருந்து 30 நாளுக்குள் பணிக்கொடை வர வேண்டும். பிந்தினால் 10% முதல் 30% வரை மேலதிகக் கட்டணம் சேரும். மோசடி, பணக் கையாடல், வேண்டுமென்று செய்த சேதம், பொருள் இழப்பு ஆகியவற்றுக்காக வேலைநீக்கம் செய்யப்பட்டவருடைய பணிக்கொடையைத்தான், அதுவும் நட்டத்தின் அளவுக்கு மட்டும், பிடிக்கலாம். நீங்களாக விலகும்போது “அறிவித்தல் போதவில்லை”, “புதிய ஆளுக்குப் பழக்கிவிடவில்லை” என்பவை அதற்குக் காரணமாகாது.

ஈ.பி.எஃப் பெண்களுக்குப் பொதுவாக 50 வயதில்தான் கிடைக்கும். வேறு வேலைக்காக விலகியதால் மட்டும் கைக்கு வராது. ஈ.டி.எஃப்பை எடுக்கலாம், ஆனால் ஒருமுறை எடுத்தால் அடுத்த 5 வருடத்துக்கு எடுக்க முடியாது. அவசரம் இல்லையென்றால் அப்படியே விட்டுவிடுங்கள்.